மிளகு தண்ணி கப்பலேறிய கதை

ரசத்தைத் தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். உங்கள் வீட்டிலும் இருக்கும். புளியின் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணியை விளாவி, அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் பொடிக் குமிழ்கள் கூடும். பிறகு மேலே மஞ்சள் நுரை மெல்லிய ஆடைபோலத் திரண்டு நடுவில் லேசாக எழும்பும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் நுரை உடைந்து, மிளகு வாசம் எல்லாம் அடுப்படியோடு போய்விடும். ரசத்தில் மிஞ்சுவது வெறும் காரம்.

மார்கழிப் பனியில் தொண்டை கட்டிக்கொண்ட நாட்களில் எங்கள் அம்மாச்சி மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் அம்மியில் வைத்து நசுக்கும் சத்தத்துக்கே எனக்குப் பாதி சளி இறங்கிவிடும். டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். ஊதி ஊதிக் குடித்தால் முதலில் காது சூடாகும், அடுத்து மூக்கு திறக்கும், கடைசியில் நெற்றியில் வியர்வை அரும்பும். குளிருக்கு நம் வீடுகளில் இதைவிட எளிய மருந்து கிடையாது.

இதற்குப் பெயர்கள் பல. வைணவர் வீட்டில் சாற்றமுது. கன்னடத்தில் சாறு. பொதுவாக ரசம். பழைய ஆட்கள் மிளகு தண்ணி என்பார்கள். பேச்சில் அது மொளகுதண்ணி. கப்பலேறிப் போனது இந்தக் கடைசிப் பெயர்தான். லண்டனிலும் நியூயார்க்கிலும் இன்று மல்லிகட்டானி என்ற பெயரில் கிடைக்கும் கெட்டியான சூப், இந்த மொளகுதண்ணியின் பேரப்பிள்ளை. அங்கே அதைக் கோழியோடு மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறார்கள்.

அது எப்படி நடந்தது என்று பார்ப்பதற்கு முன், ரசம் என்கிற உள்ளூர்க்காரரின் குடும்பத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

மிளகு சந்தேகமில்லாமல் நம் பக்கத்து ஆள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடி அது. சங்க இலக்கியத்தில் அதற்குக் கறி என்று பெயர். யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அந்த மிளகு போய்ச் சேர்ந்த இடமும் தெரிந்திருக்கிறது. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, கோயில் ஒன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றுக்குள் சுமார் 7.5 கிலோ கருமிளகு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் யாரோ வைத்தது, அப்படியே கிடந்திருக்கிறது. 408ஆம் ஆண்டில் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், நகரத்தை விட்டுவிலகக் கேட்ட தண்டத்தில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

மற்ற சரக்குகளின் கதை வேறு. புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. எப்போதோ வந்து நம் சாலையோரமெல்லாம் வேரூன்றிவிட்டதால், அரபு வணிகர்கள் அதை நம்முடையது என்றே நினைத்து ‘இந்தியப் பேரீச்சை’ என்ற பொருளில் தமர் ஹிந்தி என்றார்கள். ஆங்கிலத்தின் டாமரிண்ட் அதிலிருந்து வந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் விளையும் ஒரு செடியின் வேர்ப்பால். சீரகமும் கொத்தமல்லியும் மேற்கு ஆசியாவையும் மத்தியதரைக் கடலையும் சேர்ந்தவை. தாளித்து இறக்கும் ஈயச்சொம்புகூட வெளியூர் உலோகந்தான். வெள்ளீயத்துக்குக் காலங்காலமாகப் பெயர்போன ஊர் மலாய் தீபகற்பம். (ஈயச்சொம்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரைதான் சொம்புக்குப் பாதுகாப்பு; வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் வெள்ளிக் குளமாகிவிடும்.)

மிச்சமிருப்பவை மிளகாயும் தக்காளியும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகு தேடி. அவருக்குப் பின்னால் வந்த போர்த்துகீசியக் கப்பல்கள், வாங்கிப் போன மிளகுக்குப் போட்டியாக ஒன்றை இங்கே இறக்கிவிட்டுப் போயின. மிளகைப்போலக் காரமாக இருந்த அந்தக் காய்க்கு நம்மவர்கள் வைத்த பெயர் மிளகு-காய், மிளகாய். பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர் மெல்ல மெல்ல வீட்டையே எடுத்துக்கொண்டார். தக்காளி அதற்கும் வெகு பிந்தி, வெள்ளைக்காரர் காலத்தில் பரவியது. அதற்கும் மணத்தக்காளி வழியாக நம்மிடம் ஏற்கனவே இருந்த பெயரையே கொடுத்துவிட்டோம். ஆக, தக்காளி ரசம் நேற்றுப் பிறந்த பிள்ளை. புளியும் மிளகும் சேர்ந்த மிளகு ரசம்தான் மூத்தவர். கம்பெனிக்காரர்கள் முதலில் ருசி பார்த்தது இந்த மூத்தவரைத்தான்.

1639-ல் சென்னைக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்தது. கோட்டை எழும்பியது. கோட்டைக்குள் துரைமார் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் குசினி. குசினி என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் நம் ஊர் ஆட்கள். அவர்கள் யாருடைய பெயரும் எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இந்தக் கதையின் பெரிய திருப்பத்தைச் செய்தவர்கள் அவர்கள்தான்.

துரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் முதலில் சூப் வர வேண்டும். நம் சாப்பாட்டில் சூப் என்ற ஒன்றே கிடையாது. திரவமாக, சூடாக, காரசாரமாக இருப்பது ரசம் ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. நம் இலையில் ரசத்துக்கு இடம் நடுவில். முதலில் பருப்பும் நெய்யும், அடுத்து சாம்பார் அல்லது குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் மோர். ரசம் வரும்போது கீழே சோறு காத்திருக்கும், பக்கத்தில் பொரியல் இருக்கும், அப்பளம் இருக்கும், கறி சாப்பிடும் வீடானால் சுக்காவோ வறுவலோ இருக்கும். ரசம் மட்டும் நீர்த்து இருந்தால் போதும், மற்றதெல்லாம் துணைக்கு இருக்கின்றன. அந்த ரசத்தைப் பந்தியின் நடுவிலிருந்து எடுத்து முதல் வரிசையில், ஒரு பீங்கான் கிண்ணத்தில் தனியாக நிறுத்தினால் என்ன ஆகும்? துரை கரண்டியால் எடுத்துப் பார்த்தால் கரண்டியில் எதுவும் தட்டுப்படாது.

அதனால், இலையில் ரசத்தைச் சுற்றி இருந்தவை ஒவ்வொன்றாகக் கிண்ணத்துக்குள் இறங்கின. சோறு இறங்கியது. வறுவலில் இருந்த கோழியும் ஆட்டிறைச்சியும் இறங்கின. காய் இறங்கியது. இந்த சூப் ரசத்தின் கெட்டுப்போன வடிவம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு முழு இலைச் சாப்பாட்டைக் கிண்ணத்துக்குள் அடக்கப் பார்த்த முயற்சி என்றே எனக்குப் படுகிறது.

இந்தப் பெயர் எழுத்தில் ஏறியது ஒரு சிறைச்சாலையில். 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். அதன்பின் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் மைசூர் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 1782-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன், தான் பிடித்த ஆங்கிலக் கைதிகளையும் ஹைதரிடம் ஒப்படைத்தார். அப்படிச் சிறைப்பட்ட கடற்படைக்காரர் ஒருவர் தம் விதியை நொந்து ஒரு பாட்டுக் கட்டினார். பெங்களூர் சிறையில் தங்களுக்குக் கிடைத்த சாப்பாடு இரண்டே இரண்டு என்று அதில் வருகிறது. ஒன்று கஞ்சி. மற்றது மிளகு தண்ணி. 1784-ல் பதிவான இந்தப் பாட்டில்தான் ஆங்கிலத்தில் மிளகு தண்ணி முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

அந்தச் சொல்லை அவர் எழுதிய விதத்தைக் கவனியுங்கள். முல்லகிடானி. ‘மிளகு தண்ணீர்’ என்று படித்தவர் சொல்லக் கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். காதில் விழுந்தது மொளகுதண்ணி. தமிழ்ப் பேச்சு வழக்கு அப்படியே ஆங்கில எழுத்தில் உட்கார்ந்துவிட்டது. இதில் இன்னொரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் டானி என்று ஒரு சொல் உண்டு. சிங்கத்தின் மேனி நிறத்துக்கு, பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறத்துக்குப் பெயர். நம் தண்ணி அந்த டானியின் எழுத்துகளைப் போட்டுக்கொண்டது. கிண்ணத்தைப் பார்த்தால் சூப்பும் அதே நிறம். பெயரே நிறத்தைத்தான் சொல்கிறது என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதே 1784-ல் லண்டன் பிக்கடிலியில் வாசனைத் திரவியக் கடை ஒன்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது: கிழக்கிந்தியாவிலிருந்து வந்த கறிப்பொடி விற்பனைக்கு. ஒரு பக்கம் மைசூர் சிறையில் மிளகு தண்ணி குடித்துக் கண்ணீர் விடுகிறார் ஒருவர். மறுபக்கம் லண்டனில் அதன் வாசனையைப் பொட்டலம் கட்டி விற்கிறார் இன்னொருவர். கைதிகள் விடுதலையாகி ஊர் திரும்பியபோது, அங்கே அவர்களுக்கு முன்பே பொடி போய்ச் சேர்ந்திருந்தது.

சென்னை ராஜதானியின் வெள்ளைக்காரர்கள் இந்தச் சூப்போடு எவ்வளவு ஒட்டிப்போனார்கள் என்றால், மற்ற ராஜதானிக்காரர்கள் அவர்களை ‘மல்’ என்றே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். மல்லிகட்டானியின் முதல் அசைதான் அது. வங்காளத்தாருக்குக் ‘கோய் ஹை’, பம்பாய்க்காரருக்கு ‘டக்’, சென்னைக்காரருக்கு ‘மல்’. ஓய்வுபெற்றுச் சீமைக்குத் திரும்பிய இந்த மல்கள், பனிமூட்டமும் மழையும் கலந்த லண்டன் குளிர்காலத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னையின் சூட்டை நினைத்து ஏங்கினார்கள். இங்கே இருந்தவரை வெயிலைத் திட்டித் தீர்த்தவர்கள்தான்.

1820களில் லண்டன் காபி கடைகளின் ஜன்னலில் மல்லிகட்டானி என்ற பெயரை ஒட்டிவைத்திருந்தார்கள். வழிப்போக்கர்கள் இது என்னடா என்று நின்று பார்த்ததை வில்லியம் கிச்சினர் எழுதியிருக்கிறார். வசதியான வீட்டுப் பிள்ளை; தொலைநோக்கிகளிலும் சமையலிலும் ஒரே அளவு பைத்தியம். 1817-ல் வெளிவந்த இவரது சமையல் புத்தகம் பதிப்புமேல் பதிப்பு கண்டது. அந்த வினோதப் பெயருக்கு மிளகுத் தண்ணீர் என்று பொருள் என்பதைச் சரியாகவே சொல்லிச் செய்முறையும் கொடுத்தார்.

அதற்குப்பின் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத ஆரம்பித்தார்கள். 1845-ல் எலைசா ஆக்டன். 1861-ல் இசபெல்லா பீட்டன். பீட்டனின் தடித்த வீட்டு நிர்வாகப் புத்தகம் விக்டோரியா காலத்துக் குடும்பங்களில் பைபிளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் மல்லிகட்டானிக்கு அவர் கேட்கும் சாமான்கள்: 2 மேசைக்கரண்டி கறிப்பொடி, 6 வெங்காயம், 1 பல் பூண்டு, 1 அவுன்ஸ் இடித்த பாதாம், எலுமிச்சை ஊறுகாய் அல்லது மாங்காய்ச் சாறு கொஞ்சம், ஒரு கோழி அல்லது முயல், கொழுப்பில்லாத பன்றி இறைச்சி 4 துண்டு, 2 குவார்ட் இறைச்சிச் சாறு. கூடவே சாதம் வடித்து மேசைக்கு அனுப்பச் சொல்கிறார்.

இந்தப் பட்டியலை நம் அடுப்படியில் நின்று படித்தால் திகைப்பாகத்தான் இருக்கும். மிளகு என்ற பெயரையே காணோம். கறிப்பொடிக்குள் ஒளிந்திருந்தால்தான் உண்டு. புளி இல்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால் எலும்புக்கூடு நம்முடையதுதான். புளி கிடைக்காத ஊரில் புளிப்புக்கு எலுமிச்சை ஊறுகாயும் மாங்காயும் வந்திருக்கின்றன. பின்னாளில் அதுவும் கிடைக்காத சமையலறைகளில் புளிப்பு ஆப்பிள் வந்தது. இன்று அமெரிக்கச் செய்முறைகளில் ஆப்பிள் இல்லாத மல்லிகட்டானியைப் பார்ப்பது அரிது. பருப்புத் தண்ணி கொடுத்த கெட்டிப்பதத்துக்குப் பாதாம். சோற்றைக்கூட மறக்கவில்லை. நம் ஊரைக் கண்ணால் பார்த்தறியாத ஒரு பெண்மணி, ரசத்துக்குச் சோறு வேண்டும் என்பதைக் கைமாறிக் கைமாறி வந்த செய்தியாக வாங்கி அப்படியே பத்திரமாக அச்சேற்றியிருக்கிறார்.

சென்னையில் இருந்தபடி இந்த நகல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உண்டு. சென்னைக் குதிரைப்படை அதிகாரி கென்னி-ஹெர்பர்ட். வைவர்ன் என்ற புனைபெயரில் சமையல் பற்றி எழுதிவந்தார். 1878-ல் சென்னையில் வெளிவந்த அவரது புத்தகத்தில் மிளகு தண்ணியின் வம்சாவளியை ஒழுங்காகப் பிரித்துக் காட்டுகிறார். மிளகு, தண்ணி என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்த பெயர் இது. உள்ளூர் மக்கள் வைப்பது புளியும் மிளகாயும் பூண்டும் கடுகும் வெந்தயமும் மிளகும் சேர்ந்த எளிய நீர். அதை நிறையச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டால் அதுவே அவர்களுக்கு முழுச் சாப்பாடு. ஆங்கிலேயர் அதில் இறைச்சி சேர்த்து, மாவும் வெண்ணெயும் போட்டுக் கெட்டியாக்கித் தங்கள் சூப்பைப் பண்ணிக்கொண்டார்கள் என்கிறார். இந்த சூப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களில் எனக்கு நம்பிக்கையானவர் இவர்தான். எதை யாரிடமிருந்து வாங்கினோம் என்று மறைக்காமல் சொன்னார்.

1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பெயரின் பிறப்புச் சான்றிதழை உறுதிசெய்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய மொழிகளைக் கற்றவர். பெங்களூர் சிறைப் பாட்டை அந்த அகராதியும் மேற்கோள் காட்டுகிறது.

பிறகு தகர டப்பா வந்தது. கிராஸ் அண்ட் பிளாக்வெல், ஹைன்ஸ் போன்ற கம்பெனிகள் மல்லிகட்டானியை டப்பாவில் அடைத்து விற்றன. டப்பாவைத் திறந்து, சூடாக்கி, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். துரைமார் மேசையிலிருந்து இறங்கி, நாளெல்லாம் குளிரில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய சாதாரணக் குடும்பத்தின் இரவுச் சாப்பாடாகியது அப்போதுதான். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் துரைமார் வீட்டுக் குசினிகளில் ஹைனான் தீவுச் சீனச் சமையல்காரர்கள் அதைச் சமைத்தார்கள். நம் சமையல்காரர் துரைக்காக மாற்றியதை, சீனச் சமையல்காரர் இன்னொரு துரைக்காக இன்னொரு தடவை மாற்றினார். அதே ஊர்களில், தெருவுக்கு இந்தப் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள் மாறாத ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1962-ல் பீட்டர் ஃபிராங்கன்ஃபெல்ட் என்ற ஜெர்மன் தொலைக்காட்சிக் கலைஞர், நிகழ்ச்சிக்கு ஆள் தேடி இங்கிலாந்துக்குப் போனார். பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் ஒரு குறு நாடகத்தைப் பார்த்தார். மிஸ் சோஃபி என்ற மூதாட்டிக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். விருந்துக்கு வழக்கமாக வரும் நான்கு நண்பர்களும் எப்போதோ காலமாகிவிட்டார்கள். ஆனாலும் நான்கு நாற்காலிகளும் போட்டு, நால்வரும் வந்திருப்பதாகவே பட்லர் ஜேம்ஸ் பரிமாறுகிறார். நால்வருக்குப் பதிலாக அவரே குடித்தும் தீர்க்கிறார். தள்ளாடித் தள்ளாடித் தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் தடுக்கிக்கொண்டே இருக்கிறார்.

1963-ல் ஹாம்பர்க்கில் அந்த நாடகம் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யப்பட்டது. ஃப்ரெடி ஃபிரின்டன் பட்லர், மே வார்டன் மிஸ் சோஃபி. 1972 முதல் ஒவ்வொரு டிசம்பர் 31 மாலையிலும் ஜெர்மன் தொலைக்காட்சியில் அது தவறாமல் வருகிறது. மூன்று தலைமுறைகள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கின்றன. வெளியே பனி, உள்ளே எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு நகைச்சுவை. எழுதியவரும் நடித்தவர்களும் பிரிட்டன்காரர்கள். பிரிட்டனின் தொலைக்காட்சி அதை முழுதாகக் காட்டியது 2018-ல்தான்.

அந்த விருந்தில் ஜேம்ஸ் முதலில் பரிமாறுவது மல்லிகட்டானி சூப். பந்தியின் நடுவிலிருந்து நம் குசினிக்காரர் எடுத்து முதலில் வைத்தாரே, அதே முதல் இடம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான ஜெர்மானியர்கள் வருடத்தின் கடைசி நாளில் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரவில் அதே விருந்தைச் சமைத்துச் சாப்பிடும் வீடுகளும் அங்கே உண்டு. இந்தப் பெயர் அவர்களுக்கு ஆங்கிலம் என்றுதான் தெரியும்.

அமெரிக்காவிலும் பெயரைப் பரப்பியது தொலைக்காட்சிதான். 1995 நவம்பரில் ‘சைன்ஃபெல்ட்’ தொடரில், வரிசையில் நிற்பவர்களைக் கறாராக நடத்தும் ஒரு சூப் கடைக்காரர் வந்தார். நியூயார்க்கில் உண்மையாகவே இருந்த கடையைப் பார்த்து எழுதிய கதை. அந்தக் கடையின் மல்லிகட்டானியைத் தொடரின் பாத்திரங்களில் ஒருவர் வாயாரப் புகழ்வார். அதன்பிறகு எத்தனையோ அமெரிக்கர்கள் கடைகளில் அதைத் தேடிக் கேட்டார்கள்.

இப்படி ஊரெல்லாம் சுற்றிய பெயர், புறப்பட்ட இடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பானாலும் கோலார் தங்கவயலானாலும், தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் அப்படியே மொழிபெயர்த்து ‘பெப்பர் வாட்டர்’ என்கின்றன. செய்முறை அநேகமாக நம் ரசமேதான். சோறு, பெப்பர் வாட்டர், பக்கத்தில் வறுத்த இறைச்சி. கிண்ணத்துக்குள் இறங்கிய வறுவல் அங்கே மறுபடியும் தட்டுக்கே ஏறிவிட்டது. ஆனால் நகரத்தின் கிளப்புகளிலும் பெரிய ஓட்டல்களிலும் ‘மல்லிகட்டானி’ சூப் பட்டியலில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஒரு கரண்டிச் சோறும் எலுமிச்சைத் துண்டும் வைத்துத் தருகிறார்கள். நான் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை. பெயர் தெரியாத ஒரு குசினிக்காரர், தெரியாத மேசை வழக்கத்துக்குத் தெரிந்த பண்டத்தைக் கொண்டு பதில் சொன்னார். அந்தப் பதில் இருநூறு ஆண்டுகளுக்குமேல் தாங்கியிருக்கிறது. ஆனால் மொழிபெயர்த்த பெயரும் சிதைந்த பெயரும் புழங்குகிற ஊரில், மூலப்பெயர் பட்டியலில் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. ஓட்டல்காரர்கள் அந்த வரிக்குக் கீழே தமிழில் ‘மிளகு தண்ணீர்’ என்று அச்சடித்தால் போதும். சாப்பிட வருபவர்களுக்கு மீதிக் கதை தானே புரிந்துவிடும்.

ஜெர்மனியில் உறவினர் உள்ளவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஈழத்திலிருந்து 1980களில் அங்கே போய்ச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டிசம்பர் 31 மாலையில் பள்ளித் தோழர்களைப் போலவே அந்த நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். தடிமன் பிடித்தால் வீட்டில் அம்மம்மா மல்லித் தண்ணியோ மிளகு ரசமோ வைத்துக் கொடுத்திருப்பார். பட்லர் ஊற்றும் சூப்பும் அம்மம்மா ஊற்றும் ரசமும் ஒரே பெயரில் பிறந்தவை என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த வருடக் கடைசியில் தொலைபேசியில் பேசும்போது சொல்லுங்கள். அன்றைக்கு இங்கே மார்கழி மாதம். நம் வீட்டிலும் ரசம் நுரைகட்டிக்கொண்டிருக்கும்.